எள்ளளவு உறுப்பைப் பற்றவைக்கப் பயிலுதல்

தெருவிளக்கு எரியவில்லை என்னும் மனு, ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களுக்கு நாள்தோறும் வருவதாகும். கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசற் பகுதியில் இம்மனுவை எளிதாக எண்ணி ஒதுக்குதற்கில்லை. தீப்பெட்டித் தொழிற்சாலைகளிலும் நூற்பாலைகளிலும் வேலை முடித்துத் திரும்பும் பெண்கள் பலர், இருட்டிய பின்னரே தங்கள் ஊர் நிறுத்தத்தில் இறங்குகின்றனர். கோடையில் கரிசல் மண் வெடித்துப் பிளக்கும். அவ்வெடிப்புகளில் பகற்பொழுதில் ஒடுங்கிக் கிடக்கும் கட்டுவிரியன் இரவில் வெளியே வரும். பாதையில் வெளிச்சம் இல்லையெனில் காலடி வைப்பதே அச்சமாகும்.

நான் பணிபுரியும் வட்டாரத்தில் சென்ற ஆண்டு ஒரு சிற்றூரின் பேருந்து நிறுத்தத்து எல்.இ.டி. விளக்கு அணைந்துவிட்டது. உத்தரவாதக் காலம் கடந்த விளக்கு அது. புதிய விளக்குகளை மொத்தமாக வாங்குவதற்குரிய முறைகள் நடந்து முடிய ஐந்து வாரம் ஆயிற்று. இடையில் அவ்வூர் மூதாட்டி ஒருவர் அலுவலகத்திற்கு வந்து, “ஐயா, அந்த வெளக்குல அப்படி என்னதான் போயிருச்சு? ஒத்த வெளக்குக்கு இம்புட்டு நாளா?” என்று வினவினார். விளக்கில் என்ன போயிற்று என்பது எனக்குத் தெரியாது. அதை மாற்ற வேண்டும் என்பது மட்டுமே தெரியும். அன்று மாலையே, கம்பத்திலிருந்து கழற்றி வைத்திருந்த அவ்விளக்கை வரவழைத்துத் திறந்து பார்த்தேன். அலுமினியத் தகட்டின்மேல் மஞ்சள் பொட்டுகளாகச் சிறு விளக்குகள் வரிசை வரிசையாக அமைந்திருந்தன. அவற்றுள் ஒன்றன் நடுவே மட்டும் குண்டூசி முனையளவில் ஒரு கரும்புள்ளி காணப்பட்டது. வேறு குறை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

அந்த ஒரு பொட்டை எடுத்துவிட்டு வேறொன்றை அவ்விடத்தில் வைக்கக் கற்றுக்கொள்வதற்கு எனக்கு நான்கு மாத இரவுகள் வேண்டியிருந்தன. நான் வரலாறு பயின்ற பட்டதாரி, மின்னணுவியல் அறிந்தவனல்லேன். வயது நாற்பதைத் தாண்டி, வெள்ளெழுத்தும் தொடங்கிவிட்டது. என்னால் இயன்றதென்றால், பன்னிரண்டாம் வகுப்பு முடித்து ஊரிலிருக்கும் இளைஞர்க்கும், மகளிர் சுய உதவிக் குழுவினர்க்கும் இன்னும் விரைவில் இயலும் என்னும் நம்பிக்கையால் இதனை எழுதுகின்றேன்.

உறுப்புகள் சிறுத்த வரலாறு

1950, 1960 ஆகிய ஆண்டுகளையொட்டி, ஊராட்சி மன்றக் கட்டடத்தில் வைத்த வானொலிப் பெட்டியின்முன் ஊரே கூடியிருந்ததைப் பெரியவர்கள் நினைவுகூர்வர். அப்பெட்டியினுள் இருந்த உறுப்புகள் விரல்பருமன் உடையவை. ஒவ்வொன்றுக்கும் நீண்ட கம்பிக் கால்கள் உண்டு. கம்பியை வளைத்து, முறுக்கி, மேலே ஈயத்தை உருக்கி விட்டால் வேலை முடிந்தது. பின்னர் மின்சுற்றுப் பலகை வந்தது. கம்பிக் காலைப் பலகையின் துளையில் நுழைத்து மறுபுறம் பற்றவைத்தனர்.

அதே 1960 ஆம் ஆண்டுகளில் அமெரிக்க நாட்டு ஐ.பி.எம். நிறுவனத்தார் துளையும் காலும் இன்றி, உறுப்பைப் பலகையின் பரப்பின்மேல் நேரே பற்றவைக்கும் முறையை உருவாக்கினர். சந்திரனுக்கு மனிதரை ஏற்றிச் சென்ற சாட்டர்ன் ராக்கெட்டின் வழிகாட்டிக் கணிப்பொறியில் இம்முறை கையாளப்பட்டது. 1990 ஆம் ஆண்டுகளின் இறுதிக்குள் உலகெங்கும் பெருவழக்காயிற்று. பலகையில் துளையிட வேண்டுவதில்லை. இரு முகங்களிலும் உறுப்புகளை வைக்கலாம். இயந்திரமே எடுத்து வைக்கும். ஆகவே உற்பத்தி மலிந்தது. ஆனால், சிற்றூர்ப் பழுதுபார்ப்போர் பலர் இவ்வுறுப்புகளைக் கண்ட அளவில் கையை எடுத்துவிட்டனர். “இது மிஷின் செய்தது, மனுஷக் கை படாது” என்பதே கோவில்பட்டிக் கடைகளிலும் நான் முதலில் கேட்ட மறுமொழி.

அவ்வாறு அஞ்சுவதற்குரிய சிறுமை எத்தகையது? சந்தையில் இவ்வுறுப்புகள் நான்கு இலக்க எண்களால் குறிக்கப்படுகின்றன. அங்குலத்தை நூறு பங்காக்கி, முதலிரண்டு இலக்கம் நீளத்தையும் பின்னிரண்டு இலக்கம் அகலத்தையும் காட்டும். 1206 என்பது 3.2 மில்லிமீட்டர் நீளமும் 1.6 மில்லிமீட்டர் அகலமும் உடையது; ஏறத்தாழ ஓர் எள். 0805 என்பது 2 மில்லிமீட்டர் நீளமுடையது. 0603 என்பது 1.6 மில்லிமீட்டர்; ஒரு கேழ்வரகு மணியோடு ஒப்பிடலாம். 0402 என்பது ஒரு மில்லிமீட்டர் நீளமேயான கசகசா. முதல் மூன்றையும் வீட்டில் அமர்ந்து பற்றவைக்கலாம். நான்காவதைப் பயிலுவோர் பொறுத்துப் பார்க்கலாம். நான் அதனைத் தொடுவதில்லை.

எள்ளைப் பொறுக்கி எடுக்கும் கைகளுக்கும், குச்சிகளைச் சட்டத்தில் ஒவ்வொன்றாக அடுக்கிப் பழகிய கைகளுக்கும் இவ்வளவு சிறுமை புதிதன்று. 1922 இல் சிவகாசியிலிருந்து இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, மறு ஆண்டில் தம் ஊரில் தொடங்கினர். அத்தொழில் இவ்வறண்ட சீமை முழுவதும் பரவுவதற்கு இங்குள்ள மகளிரின் கைத்திறனே துணை நின்றது.

கண்ணும் கையும் அல்ல, சூடும் களிம்பும்

நல்ல கண்பார்வையும் நடுங்காத கையும் உடையவர்க்கே இவ்வேலை வரும் என்றுதான் நானும் எண்ணினேன். முதல் மாதம் முழுவதும் அவ்வெண்ணத்தாலேயே வீணாயிற்று. மூச்சை அடக்கி, உறுப்பை அணுவளவும் பிசகாது வைக்க முயன்று தோற்றேன். உண்மையில், ஈயம் உருகும்பொழுது உறுப்பைத் தன் இடத்திற்கு அதுவே இழுத்து அமர்த்திக்கொள்கிறது.

இதன் காரணம் பரப்பு இழுவிசையாகும். சேம்பிலையின்மேல் நீர்த்துளி உருண்டு திரண்டு நிற்பதையும், அதே நீர் கழுவிய தட்டின்மேல் பரந்து ஒட்டுவதையும் காண்கிறோம். உருகிய ஈயமும் அவ்வாறே. செம்பின்மேல் காற்றுப்பட்டு ஒரு துருப்படலம் படிந்திருக்குமாயின், ஈயம் சேம்பிலை நீராக உருண்டு விலகும். அப்படலம் நீங்கிய செம்பின்மேல் பரந்து பிடித்துக்கொள்ளும். பலகையில் செம்புத் திட்டு உள்ள இடத்தில் மட்டுமே ஈயம் பரவ விரும்புவதால், உறுப்பு சற்றுக் கோணலாக அமர்ந்திருந்தாலும் திட்டின் நடுவே திருத்திக்கொள்கிறது.

துருப்படலத்தை நீக்குவதற்கு உதவுவதே களிம்பு. நம் பொற்கொல்லர்கள் நகையைப் பற்றவைக்கும்பொழுது வெங்காரத்தைக் குழைத்துத் தடவுவதைப் பார்த்திருப்பீர்கள். பொன்னுக்கு வெங்காரம் செய்வதை, மின்னணு வேலையில் பைன் மரப் பிசினாகிய ரோசின் செய்கிறது. கடையில் இதனைப் பேஸ்ட் என்பர். இங்கே வாங்குவோர் விழிப்பாயிருத்தல் வேண்டும். பேஸ்ட் என்னும் பெயரால் மூன்று பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று ரோசின் களிம்பு. நமக்கு வேண்டியது அதுவே. மற்றொன்று, ஈயப்பொடியும் களிம்பும் கலந்த சாம்பல் நிறக் குழம்பு. இதனைக் குளிர்ந்த இடத்தில் வைத்துக் காத்தல் வேண்டும், தொடக்கத்தில் இது தேவையில்லை. மூன்றாவது தகர வேலைக்கும் குழாய் வேலைக்கும் உரிய துத்தநாக குளோரைடு கலந்தது. இதனைச் சுற்றுப்பலகையில் இட்டால் நாளடைவில் செம்பைத் தின்றுவிடும். நான் முதலில் வாங்கி வந்தது இம்மூன்றாவதே என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூன்று வாரத்தில் என் முதற் பலகை பச்சை பூத்தது.

வேண்டிய கருவிகள் சிலவே. 25 வாட் சால்டரிங் அயன் போதும். வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் வகை கிடைக்குமாயின் மிக நன்று. இதனை இனிச் சூட்டுக்கோல் என்போம். இதன் முனை எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதில் பலரும் தவறுகின்றனர். சிறு உறுப்புக்கு ஊசிமுனை வேண்டும் என்று தோன்றும். ஊசிமுனை சூட்டைக் கடத்துவதில்லை. இரண்டு மில்லிமீட்டர் அகலமுள்ள உளிமுனையே ஏற்றது. அடுத்தது மெல்லிய சால்டர் கம்பி. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த கம்பி 183 சென்டிகிரேடில் உருகும். ஐரோப்பிய நாடுகள் 2006 ஆம் ஆண்டு ஜூலை முதல் காரீயத்திற்குக் கட்டுப்பாடு விதித்தமையால், தொழிற்சாலைப் பலகைகள் பலவற்றில் காரீயமில்லாக் கலவை உள்ளது. அது உருக ஏறக்குறைய 217 சென்டிகிரேடு வேண்டும். பழைய பலகையிலிருந்து உறுப்பு எளிதில் வராமைக்கு இதுவும் ஒரு காரணம்.

உறுப்பைப் பிடிக்கப் பொற்கொல்லர் சாமணம் போன்ற கூர்நுனிச் சாமணம் ஒன்று, மிகுந்த ஈயத்தை உறிஞ்சி எடுக்கச் செம்புப் பின்னல் நாடா, ஒரு மல்டிமீட்டர், கடிகாரக்காரர் கண்ணில் செருகும் கண்ணாடி அல்லது தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி. வெப்பக் கட்டுப்பாடில்லாத எளிய சூட்டுக்கோலைக் கொண்டால், யாவும் ஆயிரம் ரூபாயளவில் அடங்கும். மதுரையிலும் சென்னை ரிச்சி தெருவிலும் இவையனைத்தும் கிடைக்கும்.

பயிலும் முறை

தொடக்கத்தில் புதுப்பொருள் எதுவும் வாங்க வேண்டா. இறந்த எல்.இ.டி. குமிழ்களும் பழைய கைப்பேசி மின்னேற்றிகளும் எல்லா வீடுகளிலும் கிடக்கின்றன. நடுவண் அரசின் உஜாலா திட்டம் 2015 ஜனவரி 5 ஆம் நாள் தொடங்கப்பெற்று, அதன்வழி மட்டுமே 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. குமிழ்கள் நாடெங்கும் வழங்கப்பட்டன. ஆகவே பயிற்சிப் பொருளுக்குக் குறைவில்லை.

எவர்சில்வர் தாம்பாளம் ஒன்றில் வெள்ளைத்தாள் விரித்து, அதன்மேல் பலகையை வைத்துக்கொள்க. கை தவறி விழும் உறுப்பு தாம்பாளத்திலேயே கிடைக்கும். மின்விசிறி வேண்டா. ஆனி, ஆடி மாதங்களில் சன்னலையும் காற்றடிக்கும் பக்கம் சாத்திவிடுதல் நல்லது. நம் பகுதியின் மேல்காற்று இரண்டு மில்லிகிராம் உறுப்பை விட்டுவைக்குமா? ஆயினும் ரோசின் புகை மூச்சுக்குக் கேடு செய்யும். இழுப்பு நோய் உடையவர்க்கு மிகவும் ஆகாது. மறுபக்கச் சன்னல் திறந்திருக்கட்டும்.

ஓர் உறுப்பை வைக்கும் முறை இது: பலகையில் இரு செம்புத் திட்டுகள் இருக்கும். இரண்டிலும் களிம்பு தடவுக. ஒரு திட்டில் மட்டும் சிறிது ஈயத்தை உருக்கி வைக்க. சாமணத்தால் உறுப்பைப் பிடித்து, அவ்வீயத்தை மறுபடி உருக்கிய நிலையில் பக்கவாட்டில் நகர்த்தி அதனுள் செலுத்துக. சூட்டுக்கோலை எடுத்த பின்னும் இரண்டு நொடி சாமணத்தை விடலாகாது. இப்பொழுது ஒரு முனை நிலைத்துவிட்டது. கோணலாயிருந்தால் மீண்டும் உருக்கித் திருத்தலாம். பிறகு பலகையைத் திருப்பி மறுமுனையில் ஈயத்தைத் தொடுக. இறுதியாக முதல் முனைக்குச் சிறிது களிம்பிட்டு மீண்டும் ஒருமுறை சுடுக. சூட்டுக்கோல் ஒரு முனையில் மூன்று நொடிக்குமேல் தங்க வேண்டியதில்லை. தங்க வேண்டியிருக்குமாயின், களிம்பு போதவில்லை அல்லது கோலின் முனை கறுத்துவிட்டது என்பது பொருள்.

நல்ல பற்று, உறுப்பின் பக்கத்தில் உட்குழிந்த சரிவாக, பளபளப்புடன் அமையும். உருண்டையாகப் பருத்து நிற்பது பற்றன்று. அது வெறும் ஈயம். சில சமயம் உறுப்பு ஒரு முனையில் எழும்பி நடுகல் போல நிமிர்ந்து நிற்கும். இரு முனையிலும் ஒருசேர ஈயம் உருகும் வேளையில் ஒருபக்கம் முந்திக்கொண்டு இழுப்பதால் இது நேர்கிறது. இரண்டாம் மாதத்தில் என் பலகை ஒரு நடுகல் மேடாகவே காட்சியளித்தது.

1206 அளவில் ஐம்பதும், 0805 அளவில் ஐம்பதும் எடுத்து எடுத்து வைத்த பிறகு, எட்டுக் கால்களையுடைய சிறு சில்லுக்குச் செல்லலாம். அதன் கால்களுக்கு இடையே 1.27 மில்லிமீட்டர் தூரம் உண்டு. எதிரெதிர் மூலைக் கால்கள் இரண்டை முதலில் நிறுத்திவிட்டு, வரிசை முழுவதும் களிம்பை வாரி இட்டு, சிறிது ஈயத்துடன் சூட்டுக்கோலைக் கால்களின்மேல் மெல்ல இழுத்துச் செல்க. ஈயம் தானே ஒவ்வொரு காலையும் பற்றிக்கொண்டு பின்தொடரும். இரு கால்களுக்கிடையே பாலமிட்டுவிட்டால் களிம்பு தடவிய செம்பு நாடாவை அதன்மேல் வைத்துச் சுட்டால் போதும். களிம்பு மிகுந்ததால் கெட்ட பலகையை நான் கண்டதில்லை. குறைந்ததால் கெட்டவை பல.

மின்தடைகளில் மூன்று இலக்கம் பொறித்திருக்கும். முதலிரண்டும் எண், மூன்றாவது சுழிகளின் தொகை. 103 என்றால் 10-க்குப் பின் மூன்று சுழி, அதாவது 10,000 ஓம். 472 என்றால் 4,700 ஓம். பழுப்பு நிற மின்தேக்கிகளில் எழுத்து எதுவும் இராது. ஆகவே அவற்றை எடுத்த இடத்தைத் தாளில் வரைந்து குறித்துக்கொண்டாலன்றித் திரும்ப வைக்க இயலாது.

விளக்கைத் திறக்குமுன்

இங்கே சற்று நின்று எச்சரிக்க வேண்டியுள்ளது. வீட்டு எல்.இ.டி. குமிழின் உட்புறம் 230 வோல்ட் மின்சாரத்துடன் நேர்த்தொடர்புடையது. அம்மின்சாரம் நேர்மின்னாக்கப்பட்டதும் ஏறத்தாழ 325 வோல்ட்டாக உயர்ந்து மின்தேக்கியில் தங்கும். இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அது கையைத் தாக்கலாம். 10,000 ஓம், 2 வாட் மின்தடை ஒன்றை உறையிட்ட குறட்டால் பிடித்து, மின்தேக்கியின் இரு முனைகளிலும் சில நொடி தொடுவித்து, மல்டிமீட்டரால் சரிபார்த்த பிறகே கை வைக்க வேண்டும். மின்சாரம் இணைந்திருக்கையில் பலகையைத் தொடுதல் எந்நாளும் கூடாது. பழுது நீக்கியதைச் சோதிக்கும்பொழுது, மூடியை மாட்டியபின், மின்பணியாளர் வைத்திருக்கும் சீரிஸ் பல்பு வழியாகவே முதலில் இணைத்தல் வேண்டும். உள்ளே குறுக்குச்சுற்று இருந்தால் அப்பல்பு முழு ஒளியுடன் எரிந்து காட்டிக்கொடுக்கும். மின்னறிவு சிறிதும் இல்லாதவர் குமிழைத் தொடாமல், பலகையில் உறுப்புகளை வைத்தெடுக்கும் பயிற்சியோடு நிற்பது நல்லது. கம்பத்தில் ஏறி விளக்கைக் கழற்றுவதும் மாட்டுவதும் மின்சாரத்தை நிறுத்திய பின் உரிய பணியாளர் செய்ய வேண்டியவை; அதில் ஆர்வலர்க்கு இடமில்லை.

காரீயம் நஞ்சு. வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவாமல் உணவைத் தொடலாகாது. குழந்தைகள் தவழும் தரையில் இவ்வேலை வேண்டா.

ஒரு பொட்டு இறந்தால்

எல்.இ.டி. நீலநிற ஒளியை உமிழ்வது. மேலே பூசிய மஞ்சள் நிறப் பொருளே அதனை வெண்ணிறமாக்குகிறது. நீல எல்.இ.டி.யைக் கண்ட ஜப்பானியர் மூவர்க்கு 2014 ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிட்டியது. விளக்கினுள் இப்பொட்டுகள் கோவில் திருவிழாச் சீரியல் விளக்கைப்போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டுள்ளன. ஆதலால் ஒன்று அறுந்தால் வரிசை முழுவதும் இருளும்.

இறந்ததைக் கண்டறியக் கரும்புள்ளி பெரும்பாலும் உதவும். அது தெரியாவிடில், இரண்டு 9 வோல்ட் பாட்டரிகளைத் தொடராக இணைத்து, 1,000 ஓம் மின்தடையின் வழியாக ஒவ்வொரு பொட்டையும் தொட்டுப் பார்க்கலாம். உயிருள்ளது மின்னும். மல்டிமீட்டர் மட்டும் கொண்டு சோதித்து நல்லவற்றையும் இறந்தனவென்று எண்ணிவிடலாகாது. குமிழ்களில் உள்ள பொட்டு ஒவ்வொன்றினுள்ளும் பல சில்லுகள் அடங்கி, 9 வோல்ட், 18 வோல்ட் என்று கேட்பன உண்டு. 18 வோல்ட் வகைக்கு மூன்றாம் பாட்டரியும் வேண்டும்.

இறந்த பொட்டின் இரு முனைகளையும் ஈயத்தால் இணைத்துவிட்டு, மற்றவற்றை எரியச் செய்வது கடைகளில் வழக்கம். அவசரத்திற்கு இது உதவலாம். எனினும் அதனைப் பழுது நீக்கம் என்று நான் கொள்வதில்லை. இறந்ததற்குரிய சூடு அப்படியே இருக்கிறது. இரண்டு மூன்றை இவ்வாறு கடந்துவிட்டால் எஞ்சியவற்றின் ஆயுளும் குறையும்.

மாற்றுவதில்தான் இடர்ப்பாடு. பொட்டின் சூட்டை வெளியேற்றவே அலுமினியத் தகடு வைத்திருக்கிறார்கள். நாம் சூட்டுக்கோலால் கொடுக்கும் சூட்டையும் அத்தகடு அவ்வாறே வாங்கி வெளியேற்றிவிடுகிறது. நான் கோலைப் பத்து நொடிக்குமேல் அழுத்தினேன். ஈயம் உருகவில்லை, செம்புத் திட்டு மட்டும் பெயர்ந்து வந்தது. தகட்டை அடியிலிருந்து சூடாக்க வேண்டும் என்று பின்னர் உணர்ந்தேன். இல்லத்தில் ஒருவரும் இல்லாத வேளையில் அதனைத் தோசைக்கல்லின்மேல் வைத்து அடுப்பை ஏற்றினேன். அரை நிமிடத்தில் பொட்டுகள் அனைத்தும் பழுப்பேறிக் கருகின. அடுப்பின் சூட்டை அளவிட வழியில்லை என்பதும், காரீயம் பட்ட கல்லில் இனிச் சமைக்கலாகாது என்பதும் அப்பொழுதே தோன்றியிருக்க வேண்டும். வேறு தோசைக்கல் வாங்கிக் கொடுக்க நேர்ந்தது. பழைய கல் இன்று என் வேலை மேசையில் காகிதத்தின்மேல் பாரமாக இருக்கிறது. அதைப் பற்றி இல்லத்தில் அவ்வப்போது ஒரு சொல் வரும்.

பழைய மின் இஸ்திரிப் பெட்டி ஒன்றைத் தலைகீழாக, அசையாதபடி இரு செங்கற்களுக்கிடையே நிறுத்துவதே எனக்குக் கைவந்த முறை. அதற்கென்றே விற்கப்படும் சிறு சூட்டுத்தட்டு இருக்குமாயின் அது இதனினும் பாதுகாப்பானது. பெட்டியின் சூடு காரீயமில்லா ஈயத்தை உருக்கப் பெரும்பாலும் போதாது. எனவே, தகடு நன்றாகச் சூடேறியதும் பொட்டின் இருபக்கமும் களிம்பிட்டு, சூட்டுக்கோலால் காரீயம் கலந்த சால்டரை ஊட்ட வேண்டும். இரண்டும் கலந்து, உருகுநிலை தாழ்ந்து, பொட்டு மிதக்கத் தொடங்கும். சாமணத்தால் எடுத்துவிட்டு, பழைய ஈயத்தை நாடாவால் துடைத்து, புதிதாகச் சிறிது ஈயமும் களிம்பும் இட்டு, மாற்றுப் பொட்டை வைத்து மெல்லத் தட்டினால், அது தானே திரும்பி நேராக அமர்வதைக் காணலாம். நான்காம் மாதத்தில் முதன்முறையாக இதனைக் கண்டபொழுது, நள்ளிரவில் வீட்டாரை எழுப்பிக் காட்டினேன்.

மாற்றுப் பொட்டு அளவிலும் வோல்ட்டிலும் ஒத்ததாயிருத்தல் வேண்டும். மற்றொரு இறந்த விளக்கிலிருந்து எடுப்பதே எளிது. நேர்முனை எதிர்முனை மாறலாகாது. ஆகவே எடுக்குமுன், மூலையில் உள்ள வெட்டு எப்பக்கம் இருக்கிறது என்று தகட்டில் பேனாவால் குறித்துக்கொள்க. மீண்டும் மூடும்பொழுது தகட்டின் அடியில் வெப்பக் களிம்பு தடவி, திருகுகளை இறுக முடுக்குக. நான் திறந்த விளக்குகள் சிலவற்றில் இக்களிம்பு காய்ந்து உதிர்ந்திருந்தது. சூடு வெளியேற வழியின்றிப் பொட்டுகள் வெந்திருந்தன.

சூடே இவ்விளக்குகளின் எமன் என்பதற்கு வேறு சான்றும் உண்டு. துபாய் நகராட்சியின் பொருட்டு 2016 இல் பிலிப்ஸ் நிறுவனத்தார் அறிவித்த குமிழில், அதிகப் பொட்டுகளை வைத்து, ஒவ்வொன்றிலும் குறைந்த மின்னோட்டத்தையே செலுத்தினர். விளக்கு குளிர்ந்திருக்கும், நீண்ட நாள் உழைக்கும். மலிவான குமிழ்களில் இதற்கு நேர்மாறாகச் செய்கின்றனர்: பொட்டுகளைக் குறைத்து மின்னோட்டத்தை ஏற்றுகின்றனர். சந்தையில் குமிழ் வாங்குவோர் விலையை மட்டும் பார்ப்பதால் இது நிகழ்கிறது. ஊராட்சிகளும் இதற்கு விலக்கல்ல என்பதை, விலைப்புள்ளிகளை ஒப்பிட்டுக் கையொப்பமிடும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

கண்ட பயன்

உத்தரவாதக் காலத்தில் உள்ள விளக்கைத் திறத்தல் கூடாது. அதனை வழங்கியவரிடமே திருப்ப வேண்டும். கழித்துவிடும் நிலையிலுள்ளவற்றையே முறைப்படி பதிவேட்டில் எழுதிப் பெற்றுக்கொண்டேன். அவ்வாறு பெற்ற ஒன்பது தெருவிளக்குகளில் ஐந்து எரிந்தன. எஞ்சிய நான்கில் மின்வழங்கிப் பகுதியே கருகியிருந்தது. கோடை இடிமழையில் மின்தடத்தில் எழும் மிகை அழுத்தத்தால் நேர்ந்ததாயிருக்கலாம். அவற்றைச் சீராக்கும் திறம் எனக்கில்லை. எரிந்த ஐந்தில் ஒன்று இரண்டு மாதத்தில் மறுபடி அணைந்தது. முன்பு அணைந்த பொட்டுக்கு அடுத்த பொட்டு அது. வெப்பக் களிம்பை நான் சரிவரத் தடவாமையே காரணம்.

பேருந்து நிறுத்தத்தில் அதற்குள் புது விளக்கு மாட்டப்பட்டுவிட்டது. பழைய விளக்கு, அதே ஊரில் அங்கன்வாடிக்குப் போகும் சந்தில், இதுவரை கம்பம் மட்டும் இருந்த இடத்தில் எரிகிறது. மூதாட்டியிடம் அதிலிருந்து எடுத்த பொட்டை ஒரு தாளில் மடித்துக் காட்டினேன். கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, “இந்தக் கடுகுக்கா அஞ்சு வாரம்?” என்றார்.

குடிநீர்த் தொட்டியை இயக்குபவரே பல ஊராட்சிகளில் விளக்கு மாற்றும் வேலையையும் பார்க்கிறார். எங்கள் பகுதியில் அத்தகையவர் இருவரும், சுய உதவிக் குழுப் பெண்கள் மூவரும் சனிக்கிழமை மாலைகளில் என் வீட்டுத் திண்ணையில் பயில்கின்றனர். பெண்களுள் ஒருவர் பத்தாண்டு தீப்பெட்டிக் குச்சி அடுக்கியவர். எனக்கு இரண்டு மாதம் பிடித்த 0805 அவருக்கு இரண்டே வாரத்தில் கைவந்தது. மேலும் விரிவாகப் பயில விரும்புவோர், மாவட்டந்தோறும் வங்கிகளின் ஆதரவில் நடைபெறும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் கைப்பேசி பழுது நீக்கும் பயிற்சி எப்பொழுது தொடங்கும் என்று விசாரித்துச் சேரலாம். அங்கே இதே பற்றவைப்பு முறை கற்பிக்கப்படும். கோவில்பட்டிப் பக்கத்து மாணவர்க்கு, 1984 முதல் இயங்கிவரும் நேஷனல் பொறியியற் கல்லூரி அருகிலிருப்பதும் ஒரு வாய்ப்பு. மின்னணுவியல் பயிலும் மாணவர் எவரேனும் விடுமுறை நாளில் ஊருக்கு வந்தால், அவரைத் திண்ணையில் ஒரு மாலை அமர்த்திக்கொள்ளத் தயங்க வேண்டா.

பழுது நீக்கிய விளக்கு ஒவ்வொன்றின் உட்புறத்திலும் தேதியையும், எந்தப் பொட்டு மாற்றப்பட்டது என்பதையும் பென்சிலால் எழுதி வைக்கிறோம். அடுத்து அதனைத் திறப்பவர் அங்கிருந்து தொடங்கலாம்.